சித்தப்பாவை இரண்டு இரவு ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள், இப்போது "அழைக்கவே இல்லை" என்கிறார்கள். மனித உரிமை ஆணைய விசாரணைக்கு எப்படித் தயாராவது?

செம்மண் எழுதியது:

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பெயர் போடவில்லை, மன்னிக்கவும்.

என் சித்தப்பாவுக்கு 62 வயது. நகரத்தார் வீடு ஒன்றை 26 வருஷமாகப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான் வீடு திறக்கும். மற்ற நாளெல்லாம் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை கூட்டி, ஆத்தங்குடிக் கல்லைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைப்பது அவர் வேலை. சாவிக்கொத்து எப்போதும் இடுப்பில் இருக்கும்.

தை மாதம் பங்காளிகள் கல்யாணத்துக்கு வந்தபோது உள்ளறையில் இருந்த வெள்ளிச் சாமான்களையும் பர்மா மரவை (அரக்கு பூசிய மரப்பாத்திரம்) ஒன்றையும் காணவில்லை. ஒரு புதன்கிழமை சாயங்காலம் பைக்கில் இரண்டு பேர் மஃப்டியில் வந்து, "ஐயா கூப்பிடுறார், அஞ்சு நிமிஷம்" என்று கூட்டிப்போனார்கள். வெள்ளிக்கிழமை மதியம்தான் விட்டார்கள். எஃப்.ஐ.ஆர். கிடையாது, கைது கிடையாது, ஒரு சீட்டுகூடக் கிடையாது. வீட்டுக்கு வந்தவர் பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றி நடந்தார். திண்ணையில் உட்கார முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சித்தி இரண்டு ராத்திரியும் சாப்பாடு கொண்டுபோனார். உள்ளே விடவில்லை. வாசலில் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் முன் ஸ்டேஷனிலிருந்து நேராக ஜி.எச். போனபோது போலீஸ்காரர் ஒருவர் பக்கத்திலேயே நின்றார். சித்தி பயந்துபோய், "வழுக்கி விழுந்துட்டாக" என்று சொல்லிவிட்டார். இது வேறு கவலையாக இருக்கிறது.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு போட்டோம். ஐந்து மாதம் ஆகிறது. இப்போது அவர்களுடைய புலனாய்வுப் பிரிவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, வரும் 14-ம் தேதி விசாரணை. ஸ்டேஷனில் "அப்படி ஒருவரை அழைக்கவே இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்படுகிறோம். விசாரிக்க வருபவரும் போலீஸ் அதிகாரிதான் என்கிறார்கள், உண்மையா? நாங்கள் என்ன கொண்டுபோக வேண்டும்? சித்தப்பா வாயே திறப்பதில்லை. "விடும்மா, போனது போகட்டும்" என்கிறார்.

ஊர்க்குருவி:

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த வீட்டில் திருடு போனதும் உண்மைதானே? எங்கள் தெருவிலேயே பூட்டிக் கிடந்த வீட்டில் நிலைக்கதவையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். இரண்டு தட்டு தட்டாமல் திருட்டுப்பொருளை எந்தப் போலீஸ் மீட்டிருக்கிறது? சித்தப்பாவும் வீடு வந்து சேர்ந்துவிட்டார். பெரிய இடத்தோடு மோதுவதற்கு முன் யோசியுங்கள்.

பழைய ரைட்டர்:

தாயி, நான் தேவகோட்டைப் பக்கம். காவல்துறையில் 34 வருஷம், அதில் 11 வருஷம் ஸ்டேஷன் ரைட்டர், பதிவேடு எழுதுகிற வேலை. எஸ்.எஸ்.ஐ.யாக, சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக, ஓய்வு பெற்றேன். நீ எழுதியதில் எல்லாரும் அடியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குக் கண்ணில் பட்டது சித்தி கொண்டுபோன சாப்பாடு. எதில் கொண்டுபோனார்? பாத்திரம் திரும்பி வந்ததா? யாரோடு, எதில் ஏறிப் போனார்? இதை முதலில் எழுது.

ஏன் கேட்கிறேன் என்றால், இந்த மாதிரிப் புகாரில் அடித்தார்களா என்பது இரண்டாவது கேள்விதான். அந்த ஆள் அந்த நேரத்தில் அங்கே இருந்தாரா என்பதுதான் முதல் கேள்வி. "வரவே இல்லை" என்பது உடைந்துவிட்டால், வந்தவரை ஏன் மறைத்தாய் என்று அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் புதன் சாயங்காலத்திலிருந்து வெள்ளி மதியம் வரை ஒரு முழுத்தாளில் மணிவாரியாக எழுது. ஆட்டோக்காரருக்குப் போனில் பணம் அனுப்பியிருந்தால் அதில் நேரம் இருக்கும். சித்தப்பா போன் எப்போது அணைந்தது, கடைசியாக யார் பேசினார்கள் என்பது இருக்கும். பஸ் ஸ்டாப் கடை கேமரா இருக்கும். ஐந்து மாதம் ஆகிவிட்டதே என்று விடாதே, கேள்.

ஸ்டேஷனுக்கு உள்ளே என்ன இருக்கும் என்று சொல்கிறேன். பொது நாட்குறிப்பு ஒன்று உண்டு, ஜி.டி. என்போம். யார் வந்தார், போனார், ஜீப் எங்கே போனது எல்லாம் மணி போட்டு அதில் ஏற வேண்டும். கணக்கில் காட்டாத ஆளை அதில் எழுத மாட்டார்கள். ஆனால் பாரா, அதாவது வாசல் காவல், நிற்பவர் மாறும்போது ஒரு புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார். அந்த இரண்டு ராத்திரி வாசலில் நின்றவர் யார் என்பது அதிலிருந்து தெரியும். சித்தியிடம் சாப்பாட்டை வாங்கியவர் அவர். ஜீப்புக்கு ஓட்டக் கணக்கு தனி. இதெல்லாம் உன்னால் எடுக்க முடியாது, ஆணையத்தால் முடியும். 1993-ம் வருஷ மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இன்ன இன்ன புத்தகத்தைப் பாருங்கள் என்று நீ எழுதிக் கொடுத்தால்தான் பார்ப்பார்கள்.

கேமராவையும் எழுது. எல்லா ஸ்டேஷனிலும், லாக்கப், வராண்டா உட்பட, ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாத இடத்திலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. அந்த வருஷம்தான் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட தந்தையும் மகனும் செத்தார்கள். மாஜிஸ்திரேட் போய்ப் பார்த்தபோது, கருவியில் வேண்டிய இடம் இருந்தும் அன்றன்றைக்குப் பதிவு தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். அதையும் மீறி அந்த ராத்திரி டூட்டியில் இருந்த ஒரு பெண் காவலர் உண்மையைச் சொன்னார். அவரை நினைத்தால் எனக்குத் தலை குனிகிறது.

ஏன் குனிகிறது என்றால், எனக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும், எந்த ஊர் என்று வேண்டாம். ஒரு தறிக்காரரை மூன்று நாள் பின்னறையில் வைத்திருந்தார்கள். "எழுதாதேய்யா" என்றார்கள், எழுதவில்லை. ஆணையத்திலிருந்து அதிகாரி வந்து கேட்டார். "அப்படி யாரும் இல்லை சார்" என்றேன், அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவர் என்னிடம் வேறொன்றும் கேட்காமல் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். ஸ்டேஷனுக்குக் கடன் டீ எழுதும் நோட்டு அங்கே இருந்தது, நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டு. மூன்று நாளும் காலையில் "ஸ்டேஷன் 6, உள்ளே 1" என்று பென்சிலில் எழுதியிருந்தது. அந்த "உள்ளே 1" தான் புகாரை நிலைநிறுத்தியது. என் சொல் அல்ல. எனக்கு 3(பி) சார்ஜ், பெரிய தண்டனைக்கான துறை நடவடிக்கை, வந்தது, ஏற்றுக்கொண்டேன். தறிக்காரருக்கு அதற்குப் பிறகு இடது கை விரல் மடங்கவில்லை.

இனி உன் கேள்விக்கு. விசாரிக்க வருபவர் போலீஸ் அதிகாரிதான், ஆனால் ஆணையத்தின் கீழ் வேலை செய்பவர், உங்கள் எஸ்.பி.க்குக் கீழ் இல்லை. அவர் எழுதுவது அறிக்கைதான், தீர்ப்பு சொல்வது ஆணையம். சித்தப்பா அங்கே சொல்வதை வைத்து அவர் மேலேயே வழக்குப் போட்டுவிடுவார்களோ என்று பயந்தால், ஆணையத்தின் முன் கொடுக்கும் வாக்குமூலத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று அதே சட்டத்தின் 15-வது பிரிவு சொல்கிறது. பொய்ச்சாட்சி என்றால் மட்டும் வேறு. இதை அவருக்கு நிதானமாகச் சொல்.

அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்காதே. "இப்படிச் சொல்லுங்க சித்தப்பா" என்று ஒரு வரிகூட வேண்டாம். மனப்பாடம் பண்ணி வருபவரை அதிகாரி ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்று சொன்னால் போதும். சித்தியைத் தனியாகக் கேட்பார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் அரைமணி முன்பின் இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல், தப்பு இருந்தால் திருத்தின பிறகே கையெழுத்து.

இன்னொன்று. 2024 ஜூலையிலிருந்து வந்திருக்கும் புதுக் குற்ற நடைமுறைச் சட்டத்தில், பி.என்.எஸ்.எஸ். 179-ல், விசாரணைக்கு அழைப்பதானால் எழுத்தில் அழைக்க வேண்டும், 60 வயது தாண்டிய ஆண் ஒருவரை அவர் இருக்கும் இடத்தில் போய்த்தான் விசாரிக்க வேண்டும். முன்பு அது 65. "அவரே விருப்பப்பட்டு வந்தார்" என்று நாளைக்குப் பேச்சை மாற்றுவார்கள், பார். அதற்கும் மணிக்கணக்கு உதவும். எந்த மனுஷன் விருப்பப்பட்டு இரண்டு ராத்திரி ஸ்டேஷனில் படுப்பான்?

ஊர்க்குருவி அண்ணனுக்கு ஒரு வார்த்தை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அடிபட்டவன் வாயில் வருவது அடியை நிறுத்துவதற்கான பேச்சு. பக்கத்து வீட்டுக்காரன் பெயரையும் சொல்வான், செத்துப்போனவன் பெயரையும் சொல்வான். அந்த ஒப்புதல் கோர்ட்டில் நிற்கவும் நிற்காது, சாட்சியச் சட்டத்தில் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. 2025 ஜூனில், நம்ம சிவகங்கை மாவட்டத்திலேயே மடப்புரம் கோயில் காவலாளி ஒரு நகைப் புகாருக்காகப் போலீஸ் விசாரணையில் செத்தார். அதுவும் இரண்டு தட்டில் தொடங்கியதுதான். காணாமல் போன வெள்ளியைத் தேட வேண்டும் என்றால் சாவி வேறு யாரிடம் இருந்தது, காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு என்ன வந்தது என்று நடந்து திரிந்து கேட்க வேண்டும். அது கால் வலிக்கிற வேலை, அதனால்தான் செய்வதில்லை.

வார்டு சிஸ்டர்:

நான் அரசு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் பல வருஷம் இருந்தவள். "வழுக்கி விழுந்தார்" என்று சொன்னதற்காகச் சித்தியைத் திட்டாதீர்கள். போலீஸ் பக்கத்தில் நிற்கும்போது பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள், டாக்டருக்கும் அது தெரியும்.

ஏ.ஆர். காப்பி கேட்டு வாங்குங்கள், விபத்துப் பதிவேட்டு நகல். அதில் சொன்ன காரணம் மட்டும் இருக்காது. எந்த மணிக்கு வந்தார், காயம் எங்கே, எத்தனை சென்டிமீட்டர், எல்லாம் இருக்கும். முக்கியமாக, யார் அழைத்து வந்தது என்று ஒரு இடம் உண்டு. கூட வந்தவர் போலீஸ்காரர் என்றால் அவருடைய நம்பரை எழுதியிருக்க வாய்ப்பு இருக்கிறது. ரைட்டர் ஐயா சொல்லும் கணக்குக்கு இது உதவும்.

காயமே பேசும். வழுக்கி விழுந்தவருக்கு முழங்கை, இடுப்பு, பின்மண்டையில் படும். இரண்டு உள்ளங்காலும் ஒரே மாதிரி கன்றிப்போகாது. லத்தி போன்ற உருண்டைக் கம்பால் அடித்தால் தண்டவாளம் மாதிரி இரண்டு சிவப்புக் கோடு விழும், நடுவில் தோல் வெளுத்திருக்கும். வீட்டில் யாராவது அப்போது போனில் படம் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பியது போதாது, எடுத்த போனையே பத்திரமாக வையுங்கள், தேதியும் நேரமும் அதில்தான் சரியாக இருக்கும்.

தழும்பு மறைந்திருந்தாலும் இப்போது ஒருமுறை டாக்டரிடம் காட்டலாம். உள்ளங்காலில் அடிபட்டவர்களுக்கு நடக்கும்போது எரிச்சலும் வலியும் மாதக்கணக்கில் இருக்கும். தூக்கம் இல்லாமை, பைக் சத்தம் கேட்டால் நடுக்கம் இதையும் சொல்லச் சொல்லுங்கள். சித்திரவதையை எப்படிப் பரிசோதித்து எழுத வேண்டும் என்று ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது, அதில் மனசுக்குப் பட்ட அடிக்கும் இடம் உண்டு. அவர் "விடும்மா" என்று சொல்வதுகூட அந்த அடியில் ஒரு பகுதியாக இருக்கலாம்.

கோர்ட் வாசல்:

வக்கீலாகச் சில வரிகள் மட்டும். தேசிய ஆணையத்துக்கும் இன்னொரு காப்பி அனுப்பிவிடாதீர்கள். ஒரு ஆணையம் எடுத்ததை இன்னொன்று விசாரிக்க முடியாது, இரண்டு பக்கமும் போட்டால் குழப்பம்தான் வரும். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும் என்பதில் நீங்கள் தப்பிவிட்டீர்கள்.

ஆணையம் பரிந்துரைதானே செய்யும், அரசு கேட்குமா என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு 2021-ல் சொல்லியிருக்கிறது. வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயப்படுத்துவது தனிக் குற்றம், புதுத் தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 120, ஏழு வருஷம் வரை போகும். காவல்துறையின் நிலையாணை (நிரந்தர விதி) 151-ன் கீழ் கோட்டாட்சியர் விசாரணையும் கேட்கலாம். 2023-ல் அம்பாசமுத்திரத்தில் பல்லைப் பிடுங்கியதாகப் புகார் வந்தபோது சார் ஆட்சியர்தான் முதலில் விசாரித்தார். பணம் இல்லையென்றால் 15100-க்குப் போன் போட்டு இலவச சட்ட உதவி கேளுங்கள்.

யாராவது பெரிய மனுஷர் வந்து "சமாதானமாகப் போய்விடலாம், இதில் ஒரு கையெழுத்து" என்பார். வெற்றுத்தாளிலோ முத்திரைத்தாளிலோ ஒரு கோடுகூடப் போடக் கூடாது. நான் பார்த்த மனுக்களில் பாதிக்கு மேல் அடங்கிப்போனது அந்தக் கையெழுத்தில்தான்.

செம்மண்:

ரைட்டர் ஐயா, சித்தியிடம் கேட்டேன். புதன் ராத்திரி இட்லி கொண்டுபோன தூக்குச்சட்டி திரும்பி வரவே இல்லை. வியாழக்கிழமை வேறு டப்பாவில் கொண்டுபோயிருக்கிறார். அந்தத் தூக்கு, வீட்டு ஆச்சி பல வருஷத்துக்கு முன் கொடுத்தது. பித்தளை. மூடியிலும் அடியிலும் அவர்கள் விலாசம், அதாவது குடும்பப் பெயரெழுத்து, வெட்டியிருக்கும், மூன்று எழுத்து. போய்க் கேட்டு வாங்கி வரட்டுமா?

பழைய ரைட்டர்:

வேண்டாம் தாயி! அந்தப் பக்கமே போகாதே, யாரிடமும் பேசாதே. நீ கேட்டால் அன்றைக்கே காணாமல் போகும். எவ்வளவு பெரியது, என்ன எழுத்து, எங்கே நசுங்கியிருக்கும் என்று சித்தியை ஒரு தாளில் சொல்லச் சொல்லி எழுதி, மூடி ஒட்டிவை. அதிகாரி கையில் மட்டும் கொடு. வாய்தா நாளில் இவர்களை உட்கார வைத்துவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லிக் கேள். அந்தக் கல்யாண வீட்டில் அதே விலாசத்தோடு வேறு பாத்திரம் இருக்கும், ஒன்றைப் படம் எடுத்து வை.

செம்மண்:

போய்விட்டு வந்தோம். எல்லாருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஏ.ஆர். காப்பி கிடைத்தது. அழைத்து வந்தவர் என்ற இடத்தில் கான்ஸ்டபிள் நம்பர் இருக்கிறது. சிஸ்டர் அம்மாவுக்குக் கோடி நன்றி.

அதிகாரி நாங்கள் பயந்த மாதிரி இல்லை. சித்தப்பாவை நாற்காலியில் உட்காரச் சொல்லி, கால் வலித்தால் எழுந்து நடங்கள் என்றார். முதல் அரைமணி நேரம் சித்தப்பா அந்த வீட்டைப் பற்றித்தான் பேசினார். எந்தக் கதவுக்கு எந்தச் சாவி, எந்த அறை மழையில் ஒழுகும் என்று. அதிகாரி தடுக்கவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். அப்புறம் சித்தப்பா தானாகவே ஸ்டேஷன் பேச்சுக்கு வந்து சேர்ந்தார். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள், அதனால் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வாசித்துக் காட்டும்போது உள்ளே கூப்பிட்டார்கள். ஒரே ஒரு இடத்தில் சித்தப்பா நிறுத்தினார். "ஒன்பது மணின்னு போட்டிருக்கீங்க, அது தப்புங்க. அரிசி மில்லுச் சங்கு ஊதின பிறகுதான் காலைக் கட்டினாக. அது பத்து." திருத்தி எழுதி, ஓரத்தில் கைநாட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

மூடி ஒட்டின தாளைச் சித்தி கொடுத்ததும் அதிகாரி பிரித்துப் படித்துவிட்டு டிரைவரைக் கூப்பிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். ஸ்டேஷன் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் அந்தத் தூக்கில் சோப்புத்தூள் போட்டு வைத்திருந்தார்களாம். படம் எடுத்து, மகஜர் (கைப்பற்றியதற்கான பதிவு) எழுதி, கொண்டுபோய்விட்டார். மூடி இல்லை. அடியில் மூன்று எழுத்தும் இருக்கிறது.

அடுத்து ஆணையத்தில் நேரடி விசாரணை இருக்கும் என்றார். சித்தப்பா திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் கேட்ட ஒரே கேள்வி, அந்தத் தூக்கை எப்போது திருப்பிக் கொடுப்பார்கள் என்பதுதான், ஆச்சி கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்கிறார்.

பழைய ரைட்டர்:

வழக்கு முடிந்த பிறகு மனு எழுதிக் கொடுத்து வாங்கலாம் என்று சொல், தாயி. மகஜர் நகல் ஒன்று கேட்டு வாங்கி வை. சென்னைக்கா, மதுரை முகாமுக்கா என்று தேதி வந்ததும் இங்கே எழுது. மதுரை என்றால் நானும் வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.